உயிரியல் ஆய்வுக்கு இயற்பியல் மாணவரை ஏன் அழைக்கிறார்கள்? பல்துறை பிஎச்டி பற்றி ஓர் எளிய விளக்கம்

உயிரியல் துறைகள் வெளியிடும் பிஎச்டி அறிவிப்புகளில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: ‘இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல், பொறியியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம்.’ பள்ளியோடு உயிரியலுக்கு முழுக்குப் போட்ட ஒருவர் இதைப் படித்தால் குழம்பத்தான் செய்வார். தவளையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்பதே மறந்துபோன என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? ஐந்து வருடம் உயிரியலே படித்த மாணவிக்கும் கலக்கம் வரும். கணக்கு வேண்டாம் என்றுதானே இந்தப் பக்கம் வந்தேன், இப்போது புள்ளியியலும் கோடிங்கும் கற்றுக்கொள் என்கிறார்களே?

இந்த இருவரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பல்துறை ஆய்வுப் படிப்பு என்றால் நாலு துறைகளில் நாலு பாடம் எழுதித் தேறுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு விடை காண எந்தத் துறையின் கருவி தேவையோ அதைப் போய்க் கற்றுக்கொள்ளும் பயிற்சி அது. கேள்விதான் முதலில். துறை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

ஓர் உதாரணம் பார்த்தால் புரிந்துவிடும். நம் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு இருக்கிறது. நுண்ணோக்கியின் கீழ், ஒரு பாக்டீரியாவை அது துரத்துவதைப் பார்க்கலாம். சிவப்பணுக்களுக்கு இடையே நெளிந்து புகுந்து போகும். பாக்டீரியா திரும்பினால் இதுவும் திரும்பும். கண்ணும் இல்லை, மூளையும் இல்லை; ஆனால் பார்க்கிறவருக்கு ஒரு வேட்டை விலங்கைப் பார்ப்பது போலவே இருக்கும்.

சரி, அந்த செல் எப்படி நகர்கிறது? உயிர்வேதியியல் படித்தவர் ஆக்டின் என்ற புரதத்தைக் காட்டுவார். செல்லின் முன்விளிம்பில் ஆக்டின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோர்த்து இழையாக நீண்டு, சவ்வைத் தள்ளுகின்றன. இயற்பியல் படித்தவர் உடனே கேட்பார்: எவ்வளவு விசையோடு தள்ளுகிறது? ஓர் இழைக்குச் சில பிகோநியூட்டன். ஒரு பிகோநியூட்டன் என்றால் ஒரு நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. கணிதக்காரருக்கு வேறு கவலை. பாக்டீரியாவிலிருந்து கசியும் வேதிப்பொருளின் அடர்த்தி, செல்லின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே ஓரிரு சதவீதம்தான் வேறுபட்டிருக்கும். மூலக்கூறுகள் தாறுமாறாக மோதிக்கொண்டிருக்கும் இடத்தில், இத்தனை சின்ன வித்தியாசத்தை வைத்து அது எப்படித் திசையை முடிவு செய்கிறது? இது இரைச்சலுக்கு நடுவே ஒரு மெல்லிய குரலைப் பிரித்துக் கேட்கும் கணக்கு. ஆயிரம் செல்களைப் படமெடுத்து ஒவ்வொன்றின் பாதையையும் வரைய வேண்டும் என்றால் கணினிக்காரர் வர வேண்டும். நாலு பேரும் பேசுவது ஒரே செல்லைப் பற்றி. துறைகளுக்கு நடுவே சுவர் எழுப்பியது பல்கலைக்கழகம். செல்லுக்கு அந்தச் சுவரெல்லாம் தெரியாது.

இது ஏதோ சமீபத்திய மோகம் என்று நினைக்க வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த கதை 1943-ஐச் சேர்ந்தது. சால்வடோர் லூரியா மருத்துவம் படித்தவர். மாக்ஸ் டெல்புரூக் கோட்பாட்டு இயற்பியல் படித்தவர். இருவரும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை, அதாவது ஃபேஜ்களை, ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு தட்டு நிறைய பாக்டீரியா மீது ஃபேஜை ஊற்றினால் கிட்டத்தட்ட எல்லாமே செத்துவிடும். ஆனால் எங்கோ ஒன்றிரண்டு தப்பிப் பெருகும். அந்த எதிர்ப்பு எப்போது வந்தது? ஃபேஜைச் சந்தித்த பிறகு அதற்குப் பதிலடியாக உருவானதா, அல்லது ஃபேஜ் வருவதற்கு முன்பே தற்செயலான மரபணு மாற்றத்தால் அங்கே இருந்ததா? தப்பிய பாக்டீரியாவை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது.

லூரியாவுக்கு வழி தோன்றியது ஆய்வகத்தில் இல்லை. பல்கலைக்கழக நடன விருந்து ஒன்றில், காசு போட்டு விளையாடும் சூதாட்ட இயந்திரத்தில் சக ஆசிரியர் ஒருவர் விளையாடுவதைப் பார்த்தபோது தோன்றியது. பெரும்பாலான முறை எதுவும் வராது. எப்போதாவது ஒரேயடியாகக் கொட்டும். பாக்டீரியாவைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, பிறகு ஒவ்வொன்றையும் ஃபேஜிடம் விட்டுப் பார்த்தால் என்ன? ஃபேஜ்தான் எதிர்ப்பை உண்டாக்குகிறது என்றால், எல்லாக் குழாய்களிலும் தப்புகிறவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எதிர்ப்பு முன்பே தற்செயலாக வருகிறது என்றால் கதை வேறு. ஒரு குழாயில் மாற்றம் சீக்கிரமே நடந்திருந்தால் அந்தப் பாக்டீரியா இரண்டு, நாலு, எட்டு என்று பெருகி, கடைசியில் நூற்றுக்கணக்கில் நிற்கும். இன்னொரு குழாயில் ஒன்றுகூட இருக்காது. அப்படியானால் பார்க்க வேண்டியது சராசரியை இல்லை, ஏற்ற இறக்கத்தை! லூரியா சோதனையைச் செய்தார். டெல்புரூக் அதற்கான கணிதத்தை எழுதினார். குழாய்க்குக் குழாய் எண்ணிக்கை தாறுமாறாக மாறியது. மாற்றம் முன்பே நடக்கிறது என்பது தெளிவானது. 1969-ல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியோடு சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சோதனையில் உயிரியல் எங்கே முடிகிறது, கணிதம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. அதனால்தான் இந்தக் கதையைச் சொன்னேன். பல்துறை ஆய்வு நன்றாக நடந்தால் அது இப்படித்தான் இருக்கும். சோதனையை வடிவமைத்த விதத்திலேயே கணக்கு உட்கார்ந்திருக்கும். சோதனையெல்லாம் முடிந்த பிறகு டேட்டாவைத் தூக்கிக்கொண்டு போய், ‘இதில் ஏதாவது தேறுமா பாருங்கள்’ என்று புள்ளியியல்காரரிடம் கொடுப்பதை நான் பல்துறை ஆய்வு என்று ஏற்கமாட்டேன்.

டெல்புரூக் இன்னொன்றும் செய்தார். 1945 கோடையில் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஃபேஜ் பற்றி ஒரு குறுகிய பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். சில வாரங்கள்தான். இயற்பியலாளர்கள் வந்து, தங்கள் கையாலேயே பாக்டீரியா வளர்த்து, தட்டில் பரப்பி, எண்ணிப் பார்த்தார்கள். அணுக்கரு இயற்பியலில் பெயர்பெற்ற லியோ சிலார்டு 1947-ல் அங்கே மாணவராக உட்கார்ந்தார். இன்றைய பல்துறை பயிற்சித் திட்டங்களில் இருக்கிற முக்கியமான எண்ணம் அங்கேயே இருக்கிறது: வேறு துறையிலிருந்து வருகிறவருக்குப் புத்தகத்தை மட்டும் கொடுத்தால் போதாது, திரவத்தைத் துல்லியமாக அளந்து எடுக்கும் பைப்பெட்டையும் கையில் கொடுக்க வேண்டும்.

படிப்பு எப்படி நடக்கும்?

நாட்டுக்கு நாடு முறை மாறும். அமெரிக்காவில் பல இடங்களில் முதல் வருடம் எந்த லேபிலும் நிரந்தரமாகச் சேர மாட்டார்கள். இரண்டு மூன்று லேப்களில் தலா சில வாரங்கள் வேலை பார்த்து, பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். இதை ரொட்டேஷன் என்பார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதல் நாளே ஒரு குறிப்பிட்ட ஆய்வுத் தலைப்போடு லேபில் சேர்ந்துவிடுவார்கள். அங்கே பிஎச்டி மூன்று நான்கு வருடங்களில் முடியும். அமெரிக்காவில் ஐந்து ஆறு வருடம் சாதாரணம்.

ரொட்டேஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயிற்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நல்ல திட்டங்களில், சோதனை செய்து பழகியவரைக் கணினி லேபுக்கும் கணினிக்காரரைச் சோதனை லேபுக்கும் ஒரு முறையாவது அனுப்புவார்கள். முன்னதை டிரை லேப் என்றும் பின்னதை வெட் லேப் என்றும் சொல்வது வழக்கம். அந்தச் சில வாரங்களில் யாரும் நிபுணர் ஆகிவிட மாட்டார். அது நோக்கமும் இல்லை.

பிறகு என்னதான் நடக்கிறது? கணிதம் படித்த ஒரு மாணவர் முதல்முறையாக ஒரு மைக்ரோலிட்டர் நொதி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பைப்பெட்டின் முனையில் ஒரு கடுகளவுதான் தெரியும். நொதியை மைனஸ் 20 டிகிரியில் வைத்திருப்பார்கள். ஆனாலும் அது உறையாது, ஏனென்றால் அதில் சரிபாதி கிளிசரால் கலந்திருக்கும். அதனாலேயே அது கெட்டியாக, பிசுபிசுவென்று இருக்கும். கட்டைவிரலைச் சட்டென்று விட்டால் காற்றுக் குமிழிதான் உள்ளே ஏறும். முனையை ஆழமாக அமிழ்த்தினால் வெளிப்பக்கத்தில் நொதி ஒட்டிக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டாகப் போய்விடும். முனை திரவத்தின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், விரலை மெதுவாக விட வேண்டும். இதை 24 குழாய்களுக்கு ஒரே சீராகச் செய்து முடிக்கும்போது அந்த மாணவருக்கு ஒன்று தெரிந்துவிடும். இவ்வளவு நாள் கணினித் திரையில் அவர் பார்த்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கட்டைவிரல் இருந்திருக்கிறது. டேட்டாவில் ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால், சமன்பாட்டைத் திருத்துவதற்கு முன் ‘அந்தக் குழாயில் என்ன நடந்தது?’ என்று கேட்கத் தோன்றும்.

மறுபக்கமும் உண்டு. உயிரியல் மாணவி ஒருவர் ஒரு மருந்து கொடுத்த செல்களையும் கொடுக்காத செல்களையும் ஒப்பிடுகிறார். மூன்று சாம்பிள் இங்கே, மூன்று அங்கே. மருந்து இல்லாதவற்றிலிருந்து திங்கட்கிழமை ஆர்என்ஏவை, அதாவது மரபணு வேலை செய்யும்போது உருவாகும் அதன் நகலை, பிரித்தார். மருந்து கொடுத்தவற்றிலிருந்து புதன்கிழமை. மனிதச் செல்லில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து படம் வரைந்தால், சாம்பிளுக்கு ஒன்றாக ஆறு புள்ளிகளும் மூன்று மூன்றாக, வெகு அழகாக இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. லேப் மீட்டிங்கில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்போது ஒருவர் மெதுவாகக் கேட்கிறார்: “ஆர்என்ஏ எல்லாவற்றையும் ஒரே நாளில்தானே எடுத்தீர்கள்?”

அவ்வளவுதான். அந்தப் பிரிவு மருந்தால் வந்ததா, கிழமையால் வந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நாளுக்கு நாள் அறையின் வெப்பம், ரசாயனப் புட்டி, கை எல்லாம் மாறும். அந்த மாற்றமும் மரபணு அளவீட்டில் பதியும். இதை பேட்ச் எஃபெக்ட் என்பார்கள். எவ்வளவு பெரிய புள்ளியியல் நிபுணர் வந்தாலும் இந்த டேட்டாவைக் காப்பாற்ற முடியாது. தொடக்கத்திலேயே இரண்டு வகைச் சாம்பிள்களையும் இரண்டு நாட்களுக்கும் கலந்து பிரித்திருந்தால் போதும். ஒரு பைசா கூடுதல் செலவில்லை. இதை அந்த மாணவி ஒருமுறை கற்றுக்கொண்டால், பிறகு சோதனை தொடங்கும் முன்பே காகிதத்தில் கட்டம் போட்டு, எந்தச் சாம்பிள் எந்த நாள் என்று எழுதி வைப்பார். அதே வகுப்பில் இன்னொன்றும் தெரியவரும்: 20,000 மரபணுக்களையும் தனித்தனியே 5 சதவீதப் பிழை அளவில் சோதித்தால், மருந்துக்கு எந்த விளைவுமே இல்லாவிட்டாலும் சுமார் 1,000 மரபணுக்கள் ‘மாறிவிட்டன’ என்று பொய் சொல்லும்.

எனக்குத் தெரிந்தவரை, பல்துறைப் பயிற்சி தருகிற மிகப் பெரிய வரவு இதுதான்: எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வேலையில் எது கஷ்டம், எது தப்பாகப் போகும் என்று உடம்பால் தெரிந்துகொள்வது.

ரொட்டேஷனைத் தவிர, வருடத் தொடக்கத்தில் தீவிர அடிப்படை வகுப்புகள் இருக்கும். வாராவாரம் ஜர்னல் கிளப்பில் ஒரு பேப்பரை எடுத்துப் பிரித்து மேய்வார்கள். பல திட்டங்களில் ஒன்றிரண்டு வருடத்தில் தகுதித் தேர்வு வரும். இரண்டு துறைகளிலிருந்து இரண்டு கைடுகள், அவர்களுக்கு மேல் நாலைந்து பேராசிரியர்கள் கொண்ட ஆலோசனைக் குழு என்பது பொதுவான ஏற்பாடு.

ஒரே சொல், வேறு பொருள்

துறை மாறி வருகிறவர்களைப் பாடத்தைவிட அதிகமாகத் தடுமாற வைப்பது பேச்சுதான். ‘மாடல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரியலாளர் மாடல் என்றால் பழ ஈ, எலி, வரிக்குதிரை மீன் என்று ஏதோ ஓர் உயிரைச் சொல்கிறார். கணிதக்காரருக்கு மாடல் என்றால் சமன்பாடு. கணினிக்காரருக்கு அது பயிற்றுவித்த நிரல். ‘வெக்டர்’ இன்னும் மோசம். இயற்பியலில் அது திசையும் அளவும் கொண்ட அம்புக்குறி. மூலக்கூறு உயிரியலில் மரபணுவைச் சுமந்து செல்லும் டிஎன்ஏ வளையம். தொற்றுநோய் ஆய்வாளருக்கோ அது நோயைச் சுமந்து பரப்பும் கொசு. மூன்று பேர் உட்கார்ந்து அரை மணி நேரம் தலையாட்டிவிட்டு, ஒருவர் சொன்னது ஒருவருக்குப் புரியாமலேயே எழுந்து போகிற கூட்டங்கள் உண்மையிலேயே நடக்கும். ‘நீங்கள் மாடல் என்று சொல்வது எதை?’ என்று கூச்சப்படாமல் கேட்கிற மாணவர்தான் அந்த அறையில் எல்லோருக்கும் நல்லது செய்கிறார்.

பழக்கங்களும் மாறும். சோதனை உயிரியலில் ஒரு பேப்பரில் முதல் பெயர் அதிகம் உழைத்தவருடையது, கடைசிப் பெயர் லேப் தலைவருடையது. தூய கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசை. இரண்டு கைடுகளும் இரண்டு பழக்கத்தில் வளர்ந்தவர்கள் என்றால், யார் பெயர் எங்கே என்பதை முதல் வருடமே பேசி வைத்துக்கொள்வது நல்லது. கடைசி நேரத்தில் பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

பலமரம் கண்ட தச்சன்

‘பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இந்தப் படிப்பைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் யாராவது இதைச் சொல்லத்தான் செய்வார்கள். அவர்கள் பயம் நியாயமானது. எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும், எதையும் தனியாகச் செய்து முடிக்கத் தெரியாது என்ற நிலையில் பிஎச்டியை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒரு துறையாவது ஆழமாக இருக்க வேண்டும். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்லும் அளவுக்கு ஆழமாக.

வெங்கி ராமகிருஷ்ணன் இதற்கு நல்ல உதாரணம். 1976-ல் இயற்பியலில் பிஎச்டி முடித்தவர், பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மறுபடியும் உயிரியல் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பை எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் காட்டியதற்காக, தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகியோருடன் 2009-ல் நோபல் பரிசு பெற்றார். இயற்பியலாளர், உயிரியல் கேள்வி, பரிசு வேதியியலில்! ஆனால் அவர் மேலோட்டமாகத் தாவவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் வகுப்பிலிருந்து தொடங்கும் பொறுமை இருந்தது. அதற்குப் பிறகு பல வருடங்கள் ஒரே மூலக்கூறோடு இருந்தார். 2024 வேதியியல் நோபலும் இதே தடத்தில் வந்ததுதான். அமினோ அமில வரிசையை வைத்துப் புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரலுக்காக அதில் பாதியைப் பெற்றவர்களில் ஒருவரான ஜான் ஜம்பர், கோட்பாட்டு வேதியியலில் பிஎச்டி செய்தவர்.

கஷ்டங்களை மறைக்க விருப்பமில்லை. புதுத் துறையைக் கற்க நேரம் பிடிக்கும். கூடப் படித்தவர்கள் முதல் பேப்பரை அனுப்பும்போது நீங்கள் இன்னும் அடிப்படைப் பாடத்தில் இருக்கலாம். இரண்டு கைடுகள் இரண்டு பக்கம் இழுப்பார்கள். உயிரியல் கருத்தரங்கில் உங்களைக் கணக்குக்காரர் என்பார்கள், கணக்குக் கருத்தரங்கில் உயிரியலாளர் என்பார்கள். இரண்டு இடத்திலும் விருந்தாளியாகவே இருப்பது போன்ற தனிமை முதல் இரண்டு வருடம் நிச்சயம் வரும். அது உங்கள் திறமைக் குறைவால் வருவதில்லை. அந்த இடத்தின் இயல்பு அது.

சேர நினைக்கிறவர்களுக்கு

உயிரியலிலிருந்து வருகிறீர்கள் என்றால், விண்ணப்பிக்கும் முன்பே பைத்தான் அல்லது ஆர் மொழியில் ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். பெரிதாக எதுவும் வேண்டாம்; ஒரு பழைய சோதனையின் எண்களை எடுத்து, நீங்களே ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். அப்புறம் நிகழ்தகவு. பயமாக இருந்தாலும் நிகழ்தகவைத் தவிர்க்காதீர்கள். இயற்பியல், கணினிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு நல்ல செல் உயிரியல் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கலாம். பெயர்களின் கூட்டத்தைப் பார்த்து மிரள வேண்டாம். மூன்றாவது அத்தியாயத்தில் முகங்கள் பழகிவிடும். இரு தரப்பும் சேரும் முன் ஒரு மாதமாவது எதிர்ப்பக்க லேப் ஒன்றில் வேலை பார்க்க முடிந்தால், அதைவிட நல்ல தயாரிப்பு கிடையாது.

லேபைத் தேர்ந்தெடுக்கும்போது கைடிடம் மட்டும் பேசாதீர்கள். அங்கே மூன்றாம் நான்காம் வருடத்தில் இருக்கும் மாணவர்களைத் தனியாகச் சந்தித்து, இரண்டு கைடுகளும் கடைசியாக எப்போது ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். ‘போன வாரம்’ என்று பதில் வந்தால் சேரலாம். நினைத்துப் பார்த்து, ‘தகுதித் தேர்வு அன்றைக்கு’ என்று சொன்னால், அடுத்த லேபின் கதவைத் தட்டுங்கள்.